இல்லாத ஏழாவது பிடி

சென்ற செப்ரெம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, என் தம்பி கிளிபோட் ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் விசிலோடு நின்றான். ரக்பி லீக் ஆட்டத்துக்கு அவன் நடுவர். அவனைப் பரீட்சிப்பதற்கென்று வந்த கிரெய்க் என்ற மெலிந்த மனிதர், கோட்டுக்கு வெளியே ஒரு மடக்குக் கதிரையில், மடியில் எழுதுமட்டையோடு இருந்தார். அவர் சரியென்று எழுதினால் வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் போகிற நடுவர்களின் பட்டியலில் கிளிபோட்டின் பெயர் ஏறும். அவனுக்கு இது மூன்றாவது தரம். இதிலும் தேறாவிட்டால் பக்கக்கோட்டில் கொடி பிடிக்கலாம். நடுவில் நிற்பது அன்றோடு முடிந்துவிடும்.

முதல் தரம், பார்க்க வந்தவர்கள் கத்தியபோதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினான் என்று பரீட்சையில் விழுத்தினார்கள். இரண்டாம் தரம், கொடுத்த தீர்ப்பை ஓர் அணித்தலைவன் முறைத்துப் பார்த்தவுடன் மாற்றினான். அந்த அறிக்கையை அவன் தன் போனில் எனக்குக் காட்டினான். "மற்றவர்களின் குரலைக் கேட்ட பிறகுதான் இவர் தன் கண்ணை நம்புகிறார்" என்று கிரெய்க் எழுதியிருந்தார்.

அதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அவனை அப்படி வளர்த்தவள் நான்தான். அவன் ஆறு வயதிலும் நான் பதினாறு வயதிலும் எங்கள் ஊர் பேசாலையிலிருந்து இங்கே ரொறன்ரோவுக்கு வந்தோம். அம்மா ஒரு ஹோட்டலில் சலவை வேலைக்குப் போனார். நான் பதினேழு வயதில் படிப்பை விட்டுப் பாண் சுடும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இருபத்துநான்கு வருடமாக, பெட்டிக்குள் போகிற பாணை எண்ணிச் சரிபார்ப்பதுதான் என் வேலை. எண்ணிக்கை பிழைத்ததென்று என் கையால் போன ஒரு பெட்டியும் திரும்பி வந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். கிளிபோட் எந்தச் சப்பாத்து வாங்குவது, எந்த பஸ்ஸில் போவது, என்ன படிப்பது எல்லாம் நான் சொல்லி அவன் செய்தான். லிப்ற் திருத்தும் தொழிலைப் பழகச் சொன்னதும் நான்தான்.

அந்தத் தொழிலில் அவன் கெட்டிக்காரன். மல்வேர்னில் ஓர் உயர்ந்த கட்டடத்தில், பதினாலாம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் இடையில் ஒரு பெண் ஒருமுறை லிப்ற்றுக்குள் அகப்பட்டாள். கதவைத் திறக்க நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் கதவோரம் நின்று, அவள் பயப்படாதபடி கதைத்துக்கொண்டே வேலை செய்தான் கிளிபோட். வெளியே வந்தவள் முதலில் கேட்டது அவனுடைய பெயரைத்தான். யாரும் பக்கத்தில் நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத இடங்களில் அவன் எவ்வளவு நிதானமானவன் என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

உயர்தரப் பள்ளியில் அவன் அமெரிக்கன் புட்போல் அணியில் இருந்தான். இருந்தான் என்றால் மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருந்தான். தலைக்கவசமும் தோள் மெத்தையும் போட்டுக்கொண்டு இரண்டு பருவம் குந்தியிருந்து, மைதானத்துக்குள் நின்றது எல்லாமாக ஒன்பது நிமிடம். அந்த ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம், உதைப்பதற்கென்று தனியாக ஒருவன். தன் முறை வராதவன் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ரக்பி லீக் வேறு விதமானது. சில வருடங்களுக்கு முன்பு, நகரின் மேற்கே ஒரு மைதானத்தில் இங்கிலாந்து அணிகளோடு ஆடிய ரொறன்ரோ அணி ஒன்றைப் பார்க்க அவன் என்னையும் என் கணவர் லெஸ்லியையும் கூட்டிப்போனான். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். தாக்குவதும் தடுப்பதும் அதே பதின்மூன்று பேர்தான். பந்தோடு ஓடுகிறவனை எதிரணி பிடித்து விழுத்தினால் ஒரு பிடி. விழுந்தவன் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட, அடுத்தவன் எடுத்து ஓடுவான். ஒரு முறைக்கு ஆறு பிடிதான். ஆறாவது பிடியோடு பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் நாலு புள்ளி. ஆட்டம் எனக்கு விளங்குவதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. அதன் பிறகு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு பிடிக்கும் மிச்சம் எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன்.

லெஸ்லி அமெரிக்கன் புட்போல் விசுவாசி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பேஸ்மென்ற்றில் ரிவிக்கு முன்னால் இருந்துவிடுவார். ஆறுதரம் விழுந்து எழும்புவதற்கு ஒரு விளையாட்டா என்று கேட்டார். நான் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. மாசி மாதத்தில் நடக்கிற அமெரிக்கன் புட்போலின் பெரிய ஆட்டத்தின்போது, போனில் இருக்கிற நிறுத்தக்கடிகாரத்தோடு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பந்து அசையும்போது ஓட விட்டேன், நின்றதும் நிறுத்தினேன். தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம். அதில் பந்து அசைந்தது பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி. வைகாசியில் கிளிபோட் நடுவராக நின்ற ஓர் ஆட்டத்தை அதே விதமாக அளந்தேன். எண்பது நிமிடத்தில் பந்து ஐம்பத்தொரு நிமிடம் அசைந்தது.

லெஸ்லி தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. "செஸ் விளையாடேக்கையும் காய் நகருற நேரத்தையோ அளப்பாய்? யோசிக்கிறதுதானப்பா ஆட்டம்" என்றார்.

அது நியாயமான கேள்வி. என்னுடைய பதில் இதுதான். லீக்கிலும் யோசிக்கிறார்கள், ஆனால் ஓடிக்கொண்டு யோசிக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது, வாயில் மண் ஒட்டியிருக்கும்போது, மிச்சம் இரண்டு பிடி என்று தெரிந்துகொண்டு யோசிக்கிறார்கள். தலைக்கவசம் இல்லாததால் அந்த யோசனையை முகத்திலேயே பார்க்கலாம். இடையில் விளம்பரமும் இல்லை. எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால் பார்க்க வேண்டியது முடிந்திருக்கும்.

கிளிபோட் மூன்று வருடம் ஆடினான். முழங்கால் பழுதானதும் விசிலை எடுத்தான். அவன் நடுவராக நின்ற எல்லா ஆட்டத்துக்கும் நான் போனேன். பிடிகளை முதலில் விரலால் எண்ணினேன். குளிரில் விரல் விறைத்துக் கணக்குத் தடுமாறியதால் செபமாலைக்கு மாறினேன். பத்து மணியில் ஆறு மணியைத் தள்ளுவேன், பந்து மாறினால் தொடக்கத்துக்குத் திரும்புவேன். மாதாவுக்கு ரக்பி விளங்குமோ என்று லெஸ்லி பகிடி பண்ணுவார். ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எத்தனையாவது பிடி என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காரிலிருந்து இறங்கும்போது கிளிபோட் ஒன்றே ஒன்று சொன்னான்.

"அக்கா, எண்ணுறதெண்டா எண்ணுங்கோ. வாய் மட்டும் திறக்காதையுங்கோ. இண்டைக்கு மட்டும்."

நான் ஓம் என்றேன்.

சிவப்புச் சட்டைக்கும் நீலச் சட்டைக்கும் ஆட்டம். சிவப்பு வென்றால் அரையிறுதிக்குப் போகும்; சமன் போதாது. நாங்கள் சிவப்புப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். எனக்கு அடுத்த கதிரையில் அஜக்ஸிலிருந்து வந்த மெலிசா. அவளுடைய கணவன் கிருபன் சிவப்பு அணியின் ஒன்பதாம் இலக்கம். ஐந்தடி ஐந்தங்குலம் இருப்பான். நீலச் சட்டைக்காரரின் தோளளவுக்குத்தான் அவன் தலை நிற்கும். ஆனாலும் முதல் ஆளாகப் போய் அவர்களுடைய தொடையைக் கட்டிப்பிடித்து விழுத்துவான். ஒவ்வொரு தரமும் மெலிசா கண்ணை மூடிக்கொண்டு, எழும்பிட்டாரா என்று என்னைக் கேட்பாள்.

கிளிபோட் அன்று நன்றாகச் செய்தான். முதற்பாதியில் நீல அணியின் பயிற்றுநர் இரண்டு தரம் கத்தினார், அவன் திரும்பவில்லை. கிரெய்க் எழுதுகிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுதாத ஒவ்வொரு நிமிடமும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆட்டம் ஒருமுறை சிவப்பின் பக்கம் போனது, மறுமுறை நீலத்தின் பக்கம் வந்தது. எழுபத்தேழாவது நிமிடத்தில் சிவப்புக்குப் பதினெட்டு, நீலத்துக்குப் பதினாலு. பந்து நீலத்தின் கையில், அவர்களுடைய பாதியில். வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை லெஸ்லி முழங்காலிலிருந்து தள்ளிவிட்டு எழும்பி நின்றார். ஆறு தரம் விழுந்து எழும்புவதைப் பகிடி பண்ணிய மனிதர், எத்தனையாவது பிடி என்று என்னைக் கேட்டார்.

ஒன்று. நீலத்தின் பெரிய ஆள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு பத்து மீற்றர் வந்தான். இரண்டு. மூன்று. நடுக்கோடு தாண்டியது. நாலு. சிவப்பின் கோட்டுக்கு முப்பது மீற்றர். என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் எழும்பிவிட்டார்கள். பந்து காலால் உருண்டு பின்னுக்கு வந்தது, ஒருவன் எடுத்தான், நான் மணியைத் தள்ளினேன். பெரிய இரைச்சல் ஒன்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது நீலச் சட்டை ஒருவன் பந்தோடு விழுந்துகிடந்தான், அவனுக்கு மேல் கிருபன்.

"ஐந்து" என்றேன். இனி மிச்சம் ஒன்றுதான். பிடிபட்டால் பந்து போய்விடும் என்பதால் இந்த இடத்தில் எந்த அணியும் பந்தை உதைத்துத்தான் பார்க்கும். நீலம் உதைக்கவில்லை. சும்மா கொடுத்து ஓடினார்கள், பிடிபட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பரிதாபம்கூட வந்தது.

"ஆறு. முடிஞ்சுது" என்று மெலிசாவிடம் சொன்னேன். அவள் இரண்டு கையையும் தூக்கினாள். பின்வரிசையில் ஆறு, ஆறு என்று கத்தத் தொடங்கினார்கள்.

கிளிபோட் விசில் ஊதவில்லை. நீலத்துக்காரன் எழும்பிப் பந்தை உருட்ட ஆயத்தமானான். கிரெய்க் எழுதுமட்டையைத் தூக்கினார். தம்பி எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டான், அந்த மனிதரின் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு பிடியைக் கூடுதலாகக் கொடுக்கப்போகிறான், எல்லாம் முடிந்தது. கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டேன்.

"தம்பி, ஆறு முடிஞ்சுது!"

அவன் திரும்பினான். தலை மட்டும் என் பக்கம் வந்தது. அவனுடைய கை விசிலோடு வாய்க்குப் போனது. ஆறு வயதில் சாலை கடக்கமுன் என்னைப் பார்த்த அதே முகம். சிவப்பு அணியின் தலைவன் அதைக் கண்டுவிட்டான். அவனும் ஆறு விரலைக் காட்டிக்கொண்டு கிளிபோட்டை நோக்கி ஓடிவந்தான். எங்கள் பக்கம் முழுவதும் இப்போது கத்தியது. என்னால் இன்னொரு தரம் கத்தியிருக்க முடியும். மூச்சும் எடுத்தேன். லெஸ்லி என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்.

"பேசாம நில். அவன்ர ஆட்டம்."

கிளிபோட்டின் கை வாயிலிருந்து இறங்கியது. பந்து உருண்டது. நீலத்துக்காரன் ஒருவன் மூலையை நோக்கி ஓடி, கோட்டுக்கு நாலு மீற்றரில் பிடிபட்டான். ஏழு, ஏழு என்று பின்வரிசை அலறியது. கிளிபோட் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்தினான். மூன்று விரல்.

மூன்று என்றால் என்ன என்று நான் யோசித்து முடிக்கவில்லை. அடுத்த பந்தில் நீலத்தின் பெரிய ஆள் கோட்டுக்கு மேலால் விழுந்து பந்தைத் தரையில் வைத்துவிட்டான். கிளிபோட் அந்த இடத்துக்கு ஓடிப்போய், கையை நீட்டி, விசில் ஊதினான். பதினெட்டுக்குப் பதினெட்டு.

சிவப்பு அணியின் தலைவன் அவனுடைய முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் வந்து நின்றான். ஏழு பிடி கொடுத்தாய், எல்லாரும் எண்ணியிருக்கிறார்கள் என்று கையை எங்கள் பக்கம் நீட்டினான். இரண்டாம் பரீட்சையில் கிளிபோட் விழுந்தது இதே மாதிரியான இடத்தில்தான். கிரெய்க் கதிரையை விட்டு எழும்பிக் கோட்டருகே வந்தார். நடுவர் பின்வாங்குகிறாரா என்று பார்க்க வந்தார் என்பது எனக்கும் விளங்கியது.

கிளிபோட் பின்வாங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. லிப்ற் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணோடு இப்படித்தான் கதைத்திருப்பான். நாலாவது பிடிக்குப் பிறகு உங்கள் ஒன்பதாம் இலக்கம் பந்தைக் கையால் தட்டினார், எதிரணி தட்டினால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், நான் கையைத் தலைக்கு மேல் சுழற்றி உரத்துச் சொன்னேன், என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு கிருபன் பக்கம் திரும்பினான்.

"கிருபன், கை பட்டதோ இல்லையோ?"

கிருபன் குனிந்து முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தலைவனைப் பார்த்தான், எங்கள் பக்கத்தைப் பார்த்தான்.

"பட்டது, அண்ணை," என்று தலையாட்டினான். "எல்லாரும் ஆறெண்டு கத்தினபடியா, நீங்கள் காணேல்லையாக்கும் எண்டு பேசாம நிண்டிட்டன்."

தலைவன் கிருபனை முறைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

நான் காணவில்லை. கிருபனுடைய கை பந்தில் பட்ட அந்த ஒரு விநாடி, நான் கீழே குனிந்து மணியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய இரைச்சல் அதற்காகத்தான் எழும்பியது. அந்த இரைச்சலுக்குள்தான் கிளிபோட்டின் குரலும் போய்விட்டது. நிமிர்ந்தபோது அவனுடைய கையும் இறங்கியிருக்கும். மிச்சப் பேர் எண்ணவேயில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாலு புள்ளிக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக அடிக்கிற உதை கம்பத்துக்கு வெளியே போனது. மீதி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. சிவப்புக்கு அரையிறுதி போய்விட்டது.

கிரெய்க், கிளிபோட்டைக் கோட்டோரம் கூப்பிட்டார். எனக்குக் கேட்கிற தூரம்தான். ஒரு பெண் உன்னுடைய மொழியில் உனக்கு ஏதோ சொன்னாள், நீ திரும்பினாய், யார் அவள், என்ன சொன்னாள் என்று கேட்டார். வெளியிலிருந்து நடுவருக்கு ஆள் வைத்துச் சொல்லிக்கொடுப்பதென்றால் பரீட்சை மட்டுமல்ல, விசிலும் போய்விடும். கிளிபோட் வாய் திறக்கமுன் நான் போய் நின்றேன். என் ஆங்கிலம் வேலைத்தல ஆங்கிலம். நான் இவனுடைய அக்கா, ஆறு முடிந்தது என்று கத்தியது நான், என் எண்ணிக்கை பிழை, இவனுடையது சரி என்று சொன்னேன்.

கிரெய்க் என்னைப் பார்க்காமல் கிளிபோட்டைத்தான் பார்த்தார். அவள் சொன்னதை நம்பினாயா என்று கேட்டார்.

நம்பினேன், என்றான் கிளிபோட். ஒரு விநாடி நம்பினேன். பிறகு நான் கண்ட கையை நம்பினேன்.

கிரெய்க் எழுதுவதற்கு நேரம் எடுத்தார். பேனை நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. கடைசியில் அந்தத் தாளைக் கழற்றி அவனிடம் நீட்டினார். தேர்ச்சி. அதற்குக் கீழே ஒரு வரி: தலை ஒருமுறை திரும்பியது, ஆட்டம் நிற்கவில்லை. கைகொடுத்துவிட்டுக் கதிரையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

லெஸ்லி அவனைக் கட்டிப்பிடித்து, மச்சான், எங்கட புட்போலில இப்பிடி ஒரு மூண்டு நிமிசம் நான் காணேல்ல, என்று சொன்னார். அதை நான் எழுதிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும்.

கிளிபோட் சிரித்தான், ஆனால் என்னிடம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

"அக்கா, இன்னொருக்காக் கத்தியிருந்தீங்களெண்டா நான் ஊதியிருப்பன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்னட்டைச் சொல்ல வேண்டாம். அவையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

சிவப்புப் பக்கத்துக் கதிரைகளில் பதினொரு பேர் இன்னும் நின்றார்கள். எல்லோருடைய வாயிலும் ஏழு பிடி. நடுவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் போனேன். முதலில் மெலிசாவிடம் சொன்னேன்.

"அன்ரி, நீங்கள்தானே சிக்ஸ் எண்டு சொன்னது?"

"ஓம் பிள்ளை. பிழையாச் சொல்லிப்போட்டன். உன்ர மனுசனைக் கேட்டுப் பார்."

அவள் மைதானத்தில் நின்ற கிருபனைப் பார்த்தாள். அவன் தன் கையைத் தூக்கி ஆட்டினான். "ஓ மை கோட், கிருபன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவரிடமும் போய், நாலாவது பிடிக்குப் பிறகு என்ன நடந்தது, நான் ஏன் காணவில்லை என்று சொன்னேன். ஒன்பது பேர் கேட்டுக்கொண்டார்கள். யூனியன்வில்லிலிருந்து வந்த ஒருவர் மட்டும் மசியவில்லை. அவர் என்னைவிட என் எண்ணிக்கையை நம்பினார். நடுவர் உங்கள் தம்பி என்பதால் இப்போது மாற்றிச் சொல்கிறீர்கள் என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கிளிபோட் தை மாதம் வெளிநாட்டில் தன் முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதினான். ஆனால் மார்க்கம் பக்கத்துக் கலியாண வீடுகளில் இன்றும், ஏழு பிடி கொடுத்த நடுவர் என்று அவனைப் பற்றி ஒரு கதை ஓடுகிறதாம். எனவே நாள், நேரம், பிடி எல்லாவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நாலாவது பிடிக்குப் பிறகு வந்தது ஒன்று. அதன் பிறகு இரண்டு, பிறகு மூன்று. அன்று ஏழாவது பிடி என்று ஒன்று நடக்கவே இல்லை.